தட்கல் பாஸ்போர்ட்: கூடுதல் ரூ. 2,000 எந்த நாட்களை மிச்சப்படுத்தும், எதை மிச்சப்படுத்தாது? டெல்டாக்காரர்களுக்கான மதிப்பீடு

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட்டாவது இருக்கும். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமும் அப்படித்தான். பலர் அதை நகைப்பெட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டியதோடு சரி. சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கி, டிக்கெட் போட உட்காரும்போதுதான் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கும். அந்த நிலையில் இருப்பவருக்கு இருக்கும் முறையான வழி, வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவாவில் உள்ள தட்கல் என்ற விரைவுத் திட்டம். அதைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம். தட்கல் நல்ல சேவை, கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் அது வேகப்படுத்துவது ஒரே ஒரு பகுதியை: நீங்கள் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குள் நுழைந்ததிலிருந்து புத்தகம் அச்சாகித் தபாலில் சேரும் வரை. அதற்கு முன்னால் ஸ்லாட், அதாவது மையத்துக்கு வரக் குறித்துத் தரும் நேரம், கிடைக்கும் நாள், அதற்குப் பின்னால் தபால்காரர் வீட்டுக்கு வரும் நாள், புது எண்ணுக்கு விசா மாறும் நாள், இவை மூன்றையும் தட்கல் தொடுவதில்லை. அவசரத்தில் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொன்று. பாஸ்போர்ட்டில் அச்சிட்ட தேதி உங்கள் கடைசித் தேதி அல்ல. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, சுற்றுலா விசாவில் போனால் ஐக்கிய அரபு அமீரகம் என்று டெல்டா மக்கள் அதிகம் போகும் நாடுகள் எல்லாமே குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும். ஆகவே ஐந்து மாதம் மிச்சமுள்ள பாஸ்போர்ட்டும் திருச்சி விமான நிலைய கவுண்ட்டரில் காலாவதியானதைப் போலத்தான். விதிக்கு உட்படாத பயணியை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் கவுண்ட்டரில் இருப்பவர் கெஞ்சலுக்கு இளகமாட்டார். முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. காத்மாண்டு போகிறவர் மட்டும் பதற வேண்டாம். நேபாளத்துக்கு இந்தியர்கள் வாக்காளர் அட்டையோடு போகலாம்.

கட்டணம் தெளிவாக இருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் ரூ. 1,500, 60 பக்கம் ரூ. 2,000. தட்கலுக்கு இதன்மேல் ரூ. 2,000. இந்தக் கட்டணத்தை வாங்கும் முறைதான் இந்தச் சேவையில் நமக்கு மிகவும் பிடித்தது. ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் போடும்போது சாதாரணக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். உங்கள் கோப்பை தட்கலில் எடுத்துக்கொள்ள அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதி ரூ. 2,000-ஐ மையத்தில் வாங்குகிறார்கள். தட்கலுக்குத் தகுதியில்லை என்றால் அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கும். இதைத் தெரியாமல் தரகரிடம் மொத்தமாக ஐயாயிரம், ஆறாயிரம் என்று முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஸ்லாட்டை வாங்கித் தருகிறேன் என்பவருக்கும் நீங்கள் பார்க்கும் அதே திரைதான் தெரியும்.

தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். முடிவில் கவ் டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் போலித் தளங்களைப் பற்றி அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. கைபேசியில் எம்பாஸ்போர்ட் சேவா செயலியும் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்.

ஸ்லாட் விஷயத்துக்கு வருவோம். டெல்டா மாவட்டங்கள் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. சேவை மையங்கள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருக்கின்றன. மயிலாடுதுறை, கும்பகோணத்துக்காரருக்கு மெயின் லைன் ரயில் ஏறினால் தஞ்சாவூர் வந்துவிடும். நாகப்பட்டினத்துக்காரருக்குத் திருவாரூர் வழியாக ரயில் உண்டு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் சிரமம். தஞ்சாவூருக்கு சுமார் நூறு கிலோமீட்டர் என்பதால் காலை ஒன்பதரை மணி ஸ்லாட் என்றால் முதல்நாள் இரவே கிளம்ப வேண்டும். கடலோர ஊர்களுக்கு இந்த விஷயத்தில் குறைந்த மதிப்பெண்தான் போட முடிகிறது.

லாகின் செய்யாமலேயே எந்த மையத்தில் எந்தத் தேதிக்கு ஸ்லாட் இருக்கிறது என்று தளத்தின் முகப்பில் பார்க்கலாம். பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். தட்கல் ஒதுக்கீட்டில் நாள் இல்லை என்றால் அங்கேயே சோர்ந்துவிட வேண்டாம். தட்கல் விண்ணப்பதாரர் சாதாரண ஒதுக்கீட்டு ஸ்லாட்டையும் எடுக்கலாம், கோப்பு தட்கலாகவே நகரும். அதைவிட முக்கியமான கதவு 2018 ஜூனில் திறந்தது. நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் இந்தியாவின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். தஞ்சாவூரில் பத்து நாள் கழித்து, மதுரையில் நாளை மறுநாள் என்றால் மதுரைக்குப் போய்விட்டு வாருங்கள். புத்தகம் விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கே வரும், போலீஸ் விசாரணையும் அந்த முகவரிக்குரிய காவல் நிலையத்தில்தான் நடக்கும். ஒரு பகல் பயணத்துக்கு எட்டு நாள் மிச்சம் என்றால் லாபம்தானே.

ஒரு முறை கட்டிய கட்டணம் ஓராண்டு செல்லும், அதற்குள் மூன்று முறை தேதி மாற்றலாம். ஆகவே கிடைத்த தேதியை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்குள் காகிதங்களைச் சேர்ப்பதுதான் சரியான வரிசை. மூன்று வாய்ப்பையும் முதல் இரண்டு நாளிலேயே மாற்றி மாற்றித் தீர்த்துவிடாதீர்கள்.

விண்ணப்பப் படிவத்தில் பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி நடக்கும் தவறு, 'புதிய பாஸ்போர்ட்' என்பதைத் தட்டுவது. ஒருமுறை பாஸ்போர்ட் வாங்கியவர், அது முடிந்து பதினைந்து வருடம் ஆனாலும், 'மறுவழங்கல்' என்ற பிரிவில்தான் போக வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில், காலாவதியாகி மூன்றாண்டுக்குள்ளா, மூன்றாண்டுக்கு மேலா என்று பிரித்திருப்பார்கள். பழைய புத்தகத்தை மறைத்துப் புதிதாகக் கேட்டால் கைரேகையும் பெயரும் பழைய பதிவோடு இடிக்கும். தகவலை மறைத்ததாகக் கருதி அபராதம் போடுவார்கள், கோப்பும் மண்டல அலுவலகத்தில் நின்றுவிடும். பழைய எண், வழங்கிய தேதி, கடைசிப் பக்கத்தில் உள்ள கோப்பு எண் மூன்றையும் புத்தகத்தைப் பார்த்துப் பதியுங்கள். கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், 'அச்சாகிவிட்டது', 'அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்திகள் எல்லாம் அவர் கைபேசியில் கிடக்கும்.

இனி பெயர். தமிழ்நாட்டுக் கோப்புகள், மையத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பி கவுண்ட்டரில் தடுக்கி விழுவதற்கு இதைவிடப் பெரிய கல் இல்லை. நம் வழக்கம் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டின் வழக்கம் விரித்தெழுதிய முழுப்பெயர். கலியபெருமாள் மகன் முருகானந்தம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்போர்ட்டில் பெயர் முருகானந்தம், குடும்பப் பெயர் கலியபெருமாள். ஆதாரில் 'முருகானந்தம் கே'. பான் அட்டையில் கலியபெருமாள் முன்னால் வந்து முருகானந்தம் பின்னால். வாக்காளர் அட்டையில் ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஒரு 'ஹெச்' கூடியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இவர் ஒரே ஆள். தட்கல் அதிகாரியின் மேசையிலோ நாலு காகிதத்தில் நாலு விதமாக எழுதிய பெயர். சாதாரண முறையில் இதை விசாரணைக்கு அனுப்பித் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். விசாரணைக்குக் காத்திராமல் புத்தகம் கொடுக்கும் தட்கலில் அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அவர் கண்டிப்பாக இருக்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.

தட்கலுக்கு அரசின் பட்டியலில் உள்ள ஆவணங்களில் மூன்று வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, பான், ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிப் பாஸ்புக், பிறப்புச் சான்று ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பழைய பாஸ்போர்ட்டின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயரோடு ஒரே மாதிரி பொருந்தும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தாத நாலாவது காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டுவதில் பயன் எதுவும் இல்லை. எல்லாமே அசலாக இருக்க வேண்டும், கூடவே கையெழுத்திட்ட நகல் ஒன்று. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலும் வேண்டும்.

அவசரத்தில் எந்த மாற்றத்தையும் கேட்காதீர்கள் என்பதுதான் இந்த மதிப்பீட்டில் நாம் அழுத்திச் சொல்லும் ஒன்று. கணவர் பெயர் சேர்ப்பது, பெயரைத் திருத்துவது, பிறந்த தேதியைச் சரிசெய்வது எல்லாம் தனித்தனி வேலைகள், தனித்தனி ஆவணங்கள். பெயரில் பெரிய மாற்றம் தட்கலில் ஏற்கப்படுவதே இல்லை. இருந்தபடி புதுப்பித்துப் போய்விட்டு, திரும்பி வந்து சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா, வருகை விசாக்களுக்கு ஏற்க மறுத்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் போகும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடம் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இ.சி.ஆர். விஷயமும் கவனிக்கத் தக்கது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' (இ.சி.ஆர்.) என்ற குறிப்பு வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். பழைய புத்தகத்தில் இந்தக் குறிப்பு இருந்து, பிறகு பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கொண்டுபோங்கள். குறிப்பை நீக்க இதுவே தருணம்.

மையத்தில் நடப்பதைப் பொறுத்தவரை இது அரசு அலுவலகங்களில் நல்ல ஒழுங்கோடு ஓடும் இடங்களில் ஒன்று. குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போனால் போதும், விடியற்காலை வரிசை எல்லாம் பழைய கதை. அப்பாயின்ட்மென்ட் குறுஞ்செய்தியைக் காட்டினாலே டோக்கன் தருவார்கள். ஏ கவுண்ட்டரில் டி.சி.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுப்பார்கள். பி கவுண்ட்டரில் அரசு அலுவலர் சரிபார்ப்பார். சி கவுண்ட்டரில் இருப்பவர்தான் வழங்கும் அதிகாரம் உள்ளவர். படத்தை அங்கேயே எடுப்பதால் ஸ்டூடியோ படம் தேவையில்லை. நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் எடுத்துச் செல்ல வேண்டும். பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை வேண்டாம், நிறச் சட்டை போடுங்கள். நாற்றுப் பறித்து, களை எடுத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் பதியாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி விரல்களை மிருதுவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருதாணியும் அந்த வாரம் வேண்டாம். கையில் அழுத்திப் பார்த்துத் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொல்லும் அந்தச் சின்னக் கண்ணாடிப் பலகையில் பெரியவர்கள் நிறைய நேரம் இழக்கிறார்கள்.

பழைய புத்தகத்தில் இன்னும் செல்லுபடியாகும் விசா இருந்தால், பி கவுண்ட்டரிலேயே அதைத் திறந்து காட்டிச் சொல்லிவிடுங்கள். ரத்து முத்திரை அந்தப் பக்கத்தின் மேல் விழக் கூடாது. பழைய புத்தகத்தை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். அமெரிக்க விசா பழைய புத்தகத்தில் சேதமில்லாமல் இருந்தால், இரண்டு புத்தகத்தையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். பெரியவர்களுடையது பத்தாண்டு என்ற நினைப்பில் குடும்பத்தோடு டிக்கெட் போட்டு, கடைசி வாரத்தில் பிள்ளையின் தேதியைப் பார்ப்பவர்கள் நிறைய. பிள்ளையை நேரில் அழைத்துப் போக வேண்டும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி படிவம் வேண்டும். தந்தை ஷார்ஜாவில் இருந்தால் கையெழுத்துக்கே நாள் பிடிக்கும் என்பதால், ஸ்லாட் பார்க்கும் அதே நாளில் அதையும் தொடங்குங்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் ரூ. 1,000, தட்கலில் ரூ. 3,000. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், மின்வாரியத்தார் தங்கள் அலுவலகத்துக்கு முன்தகவல் கொடுத்த இணைப்பு ஹெச் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது, கரையான் அரித்தது, தகரப் பெட்டியோடு வெள்ளத்தில் போனது என்று டெல்டாவில் பாஸ்போர்ட் கெட வழிகள் பல. செல்லுபடியாகும் காலம் முடியாத புத்தகம் இப்படிச் சேதமானால் அல்லது தொலைந்தால் கட்டணம் ரூ. 3,000, தட்கல் சேர்த்தால் ரூ. 5,000. தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார் நகலும் வேண்டும். எழுத்தும் படமும் தெளிவாக இருந்தால் சாதாரண மறுவழங்கலாகப் போடலாமா என்று நினைத்துக் கொண்டுபோய், கவுண்ட்டரில் பிரிவு மாறிவிட்டால் அன்றைய பொழுது வீண்.

நிலுவையில் உள்ள குற்ற வழக்கு இன்னொரு தடை. போராட்டம், மறியல் என்று வழக்கு வாங்கியவர்கள் டெல்டா கிராமங்களில் பலர் உண்டு, நீதிமன்றத்தில் அது இன்னும் முடியாமல் இருப்பதையே சிலர் மறந்திருப்பார்கள். படிவத்தில் இல்லை என்று தட்டிவிட்டால் பிறகு பெரிய சிக்கல். பாஸ்போர்ட் சட்டம் 1967-இன் ஆறாவது பிரிவின்படி வழங்க மறுக்கலாம். 1993 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி ஆணையோடு விண்ணப்பித்தால் வழி கிடைக்கும். ஆணையில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் பாஸ்போர்ட் தருவார்கள். ஆகவே மனு போடும்போதே எத்தனை ஆண்டு வேண்டும் என்று வழக்கறிஞரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தட்கல் பணம் இந்த வழியைச் சுருக்காது.

எல்லாம் சரியாக முடிந்தால், சமர்ப்பித்த நாளைச் சேர்க்காமல் ஒன்று முதல் மூன்று வேலைநாளுக்குள் புத்தகம் அனுப்பப்படும் என்பது திட்டத்தின் கணக்கு. வேலைநாள் என்ற சொல்லைக் கவனியுங்கள். வியாழக்கிழமை ஸ்லாட் என்றால் சனி, ஞாயிறு கணக்கில் வராது. புதன்கிழமைக்குள் முடித்தவர் அந்த வாரத்திலேயே கையில் வாங்க வாய்ப்பு உண்டு. 'மண்டல அலுவலகத்தில் பரிசீலனையில்' என்று நிலை காட்டினால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று பொருள். என்ன இடிக்கிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை, இந்தச் சேவையில் நாம் மாற வேண்டும் என்று விரும்பும் முதல் இடம் அதுதான். உட்கார்ந்து காத்திருக்காமல் தளத்தில் விவரம் கேட்பதற்கான (என்கொயரி) அப்பாயின்ட்மென்ட் எடுத்து, டிக்கெட், மருத்துவமனைக் கடிதம் போன்ற ஆதாரங்களோடு திருச்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

அனுப்பிய பிறகு ஸ்பீடு போஸ்ட். உரியவர் கையில்தான் கொடுப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் நகருக்குள் சீக்கிரம் வரும். கிளை அஞ்சலகத்தின் கீழ் வரும் கிராமம் என்றால் ஒரு நாள் கூடும். கதவு எண் இல்லாத தெருக்களில் கிளை அஞ்சலகத்தின் பெயரையும் சரியான பின்கோடையும் எழுதுங்கள். டிராக்கிங் எண் வந்த அன்றே தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். வீடு பூட்டியிருந்து திரும்பிப் போனால் மிச்சம் பிடித்த நாள் எல்லாம் அங்கே கரைந்துவிடும். உறையைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர் நாலையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மேலட்டையில் தங்க நிறச் சின்னம் ஒன்று கீழே இருந்தால் அது சிப் உள்ள இ-பாஸ்போர்ட். அட்டையை மடிக்கவோ, ஸ்டேப்ளர் அடிக்கவோ கூடாது.

பாஸ்போர்ட் எண் மாறிவிட்டது என்பதை அடுத்த நிமிடத்திலிருந்து நினைவில் வையுங்கள். பழைய எண்ணில் போட்ட டிக்கெட், மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை, சிங்கப்பூரின் எஸ்.ஜி. வருகை அட்டை, இலங்கையின் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி எல்லாவற்றிலும் புது எண் வேண்டும். டிக்கெட்டில் எண் மாற்றுவது விமான நிறுவனத்தின் தளத்திலேயே நடக்கும். விசாவுக்குத்தான் தனி நாள் ஒதுக்க வேண்டும். அதனால் புத்தகம் கைக்கு வரும் முன் சிங்கப்பூர் விசாவுக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கே வேலை அனுமதியில் இருப்பவர்கள் புது எண்ணைத் தங்கள் முதலாளி வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வளைகுடாவில் குடியிருப்பு அனுமதி உள்ளவர்கள் பழையது, புதியது இரண்டையும் கையோடு வைத்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, வெளிநாட்டில் இருக்கும்போதே பாஸ்போர்ட் முடிந்து, ஊரில் சாவு என்று உடனே வர வேண்டியவருக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும். அது இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். வந்த பிறகு இங்கே புதிதாக எடுத்த பிறகுதான் திரும்ப முடியும்.

தட்கலில் போலீஸ் விசாரணை தேவைப்பட்டால் பெரும்பாலும் புத்தகம் கொடுத்த பிறகுதான் வரும். காவலர் வரும் நேரத்தில் நீங்கள் கோலாலம்பூரில் இருந்தால், 'முகவரியில் இல்லை' என்று அறிக்கை போய்விடலாம், மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால் கிளம்பும் முன்பே உங்கள் முகவரிக்குரிய காவல் நிலையத்துக்குக் கோப்பு எண்ணோடு போய்ச் சொல்லிவிடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை நகல், பயணச்சீட்டின் நகல், இரண்டு அண்டை வீட்டாரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய தாள், இவற்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.